பெரியப்பாவின் தறியும் எஃப் 1.8 லென்ஸும்

2023 ஆடிப் பண்டிகைக்குச் சேலம் அம்மாபேட்டையில் பெரியப்பா வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். சாமி வேடம் போட்டவர்கள் வண்டிகளில் ஊர்வலம் வரும் வண்டி வேடிக்கையைப் பார்த்துவிட்டு வந்து படுத்து, மறுநாள் காலை டீ குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் பெரியப்பா அந்தச் செய்தியைச் சொன்னார். தறியில் ஓடிக்கொண்டிருக்கும் பாவு (நீளவாட்டு நூல்) முடிந்ததும் தறியைக் கழற்றிவிடப் போகிறாராம். முழங்கால் வலியில் தறிக்குழிக்குள் இறங்கி ஏற முடியவில்லை, அண்ணன்கள் இருவரும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், குழியை மூடித் தரை போட்டுவிட்டால் ஒரு அறையாவது மிச்சம் என்றார். நாற்பது வருஷத்துக்கு மேல் அந்தக் குழித்தறியில் வெண்பட்டு வேட்டி நெய்தவர். நான் நடக்கப் பழகியதே அந்தத் தறிக்கயிற்றைப் பிடித்துத்தான் என்று அம்மா சொல்வார்.

என்னிடம் நிக்கான் டி5600 கேமரா இருந்தது. கேமராவோடு வந்த 18-55 லென்ஸ் மட்டும்தான், அதுவும் இருட்டில் சரிப்படாது என்று நானே முடிவு கட்டியிருந்தேன். பாவு முடிய இன்னும் மூன்று வாரம் ஆகும் என்றார் பெரியப்பா. அந்த மூன்று வாரத்தில் இரவு இரவாக உட்கார்ந்து வீடியோ பார்த்தேன். ஏறக்குறைய எல்லாமே ஒரே பாட்டைத்தான் பாடின: வெளிச்சம் கம்மியா, பெரிய அப்பர்ச்சர் இருக்கிற லென்ஸ் வாங்கு, திறந்து வை. அப்பர்ச்சர் என்பது லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளை, எஃப் எண் சின்னதானால் துளை பெரிது. சரி என்று பழைய 50 மி.மீ எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை 8,500 ரூபாய்க்கு வாங்கினேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவராவது ஒரு வார்த்தை எச்சரித்திருப்பார் என்று இப்போதும் தோன்றுகிறது. அந்த ஒரு வார்த்தையை உங்களிடம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தறி ஓடும் அறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே வெளிச்சம் என்பது பெயருக்குத்தான். நீளமான ஓட்டு வீட்டு அறை, 18 அடி இருக்கும். ஜன்னல் சின்னது, அதையும் பாதி மூடித்தான் வைப்பார்கள், காற்று பட்டால் பட்டு இழை காய்ந்து அறுந்துவிடும் என்று. ஒரே ஒரு டியூப்லைட், அது தறிக்கு நேர் மேலே. ஓட்டில் ஒரு கண்ணாடி ஓடு உண்டு, ஆனால் பல வருஷத் தூசியும் புகையும் படிந்து காவி நிறத்தில் இருந்தது. அந்தக் கண்ணாடி ஓட்டைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கடைசி நாள் சனிக்கிழமை. பெரியப்பா குழிக்குள் உட்கார்ந்திருக்க, அவருக்குப் பின்னால் பெரியம்மா ராட்டையோடு, அவர்களுக்குப் பின்னால் அண்ணன்களும் அண்ணிகளும். நான் எதிர்ச் சுவரோடு ஒட்டி, பாவுக்கு அந்தப் பக்கம், 13 அடி தூரத்தில் நின்றேன். எஃப் 1.8, ஷட்டர் (வெளிச்சம் உள்ளே விழும் நேரம்) 1/125 நொடி, ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவு) 1600. கேமராத் திரையில் படம் அத்தனை பளிச்சென்று வந்தது, எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். காலை பதினொன்றிலிருந்து மாலை நான்கு வரை 340 படம் எடுத்தேன். பெரியப்பா கடைசி முழத்தை நெய்து, துணியை அறுத்து எடுத்து, தறிக்குக் கற்பூரம் காட்டியது வரை எல்லாம் எடுத்தேன். ஒரு படத்தைக்கூடத் திரையில் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. ஞாயிறன்று ஆட்கள் வந்து தறியைக் கழற்றினார்கள். புதன்கிழமைக்குள் குழி மண் போட்டு மூடியாயிற்று.

வீட்டுக்கு வந்து போனில் பார்த்தபோதும் நன்றாகத்தான் தெரிந்தது. அந்தத் தைரியத்தில் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து 20-க்கு 30 அங்குலத்தில், வீட்டுக்கு ஒன்று என்று நான்கு பிரிண்ட், ஃபிரேம் போட்டு ஒன்று 1,400 ரூபாய், மொத்தம் 5,600 கொடுத்தேன். பிரிண்டை வாங்கிப் பிரித்த இடத்திலேயே கால் தளர்ந்துவிட்டது. பெரியப்பா கைக்கு முன்னால் இருந்த, நூலை அடித்து நெருக்கும் அச்சுப் பலகை, அதில் பட்டு இழை ஒவ்வொன்றும் எண்ணிவிடலாம் போல அத்தனை துல்லியம். பெரியப்பா முகம் லேசாகக் கலங்கல். பெரியம்மா முகம் அதைவிடக் கலங்கல். பின்னால் நின்ற அண்ணன்கள் யார் பெரியவன் யார் சின்னவன் என்று தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும். அன்றிரவு கம்ப்யூட்டரில் 340 படத்தையும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிரிண்ட் போடத் தகுதியானவை 11. அந்தப் பதினொன்றிலும் ஒரே ஆள்தான் தெளிவு. அழுதேன். மறுபடி எடுக்கலாம் என்றால் அந்தத் தறியே இல்லையே.

லென்ஸ், பிரிண்ட், இடையில் வாடகைக்கு எடுத்த ஃப்ளாஷ் 800 என்று 14,900 ரூபாய் போனது. பணத்தை விடுங்கள், அதைச் சம்பாதித்துவிடலாம். அன்றைக்கு வீட்டில் தெளிவாக இருந்த ஒரே குடும்பப் படம் எது தெரியுமா? பத்தாவது படிக்கும் அண்ணன் மகள் தன் போனில் எடுத்தது. அவள் போனிலும் எஃப் 1.8 என்றுதான் இருந்தது. இது எப்படி என்று மண்டையைக் குடைந்து தேடியபோதுதான் விஷயமே புரிய ஆரம்பித்தது.

போனில் படத்தைப் பதிவு செய்யும் சென்சார் மிகச் சின்னது, அதனால் லென்ஸின் உண்மையான குவியத் தூரமும் (என் லென்ஸில் அந்த 50 மி.மீ) ஐந்தாறு மி.மீ தான். எண் ஒன்றாக இருந்தாலும், என் கேமராவில் எஃப் 5, எஃப் 6 வைத்தால் எவ்வளவு ஆழத்துக்குத் தெளிவு கிடைக்குமோ ஏறக்குறைய அவ்வளவு ஆழம் அவளுக்குத் தானாகவே கிடைத்துவிட்டது. இருட்டை ஈடுகட்ட போன் அடுத்தடுத்து பல படம் எடுத்து ஒன்றாகச் சேர்த்துக்கொள்கிறது. எனக்கோ பெரிய சென்சார், நீளமான லென்ஸ், முழுக்கத் திறந்த அப்பர்ச்சர். கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் கேமராவில் 50 மி.மீ லென்ஸ், 13 அடி தூரம், எஃப் 1.8 என்றால் முன்னும் பின்னும் சேர்த்துத் தெளிவாக இருக்கும் ஆழம் ஒன்றரை அடி. ஆறரை அடிக்கு நெருங்கினால் அது நாலரை அங்குலமாகச் சுருங்கிவிடும். அதாவது கண் தெளிவு என்றால் காது கலங்கல். அதே 13 அடியில் எஃப் 5.6 வைத்திருந்தால் நாலரை அடிக்கு மேல் கிடைத்திருக்கும், பெரியப்பா கையிலிருந்து அண்ணன்கள் முகம் வரை அந்த நாலரை அடிக்குள்தான் இருந்தது. மனதில் வைக்க எளிதான கணக்கு இதுதான்: வீட்டுக்குள் எடுக்கிற தூரங்களில், எஃப் எண்ணை இரண்டு மடங்காக்கினால் ஆழம் ஏறக்குறைய இரண்டு மடங்கு, தூரத்தை இரண்டு மடங்காக்கினால் ஆழம் நான்கு மடங்கு. இன்னொன்றும் உண்டு. இந்தக் கணக்கெல்லாம் கையில் பிடித்துப் பார்க்கிற அளவுப் பிரிண்டுக்கு. போன் திரையில் தெளிவாக இருப்பது சுவரில் மாட்டும் பெரிய பிரிண்டில் தெளிவாக இருக்காது. பெரிதாகப் போடப் போகிறீர்கள் என்றால் அப்பர்ச்சரை இன்னும் ஒரு ஸ்டாப் (வெளிச்சம் பாதியாகும் அளவு) மூடியே எடுங்கள். பிரிண்டுக்குப் பணம் கட்டும் முன்பு கம்ப்யூட்டரில் நூறு சதவீதம் பெரிதாக்கி ஒவ்வொரு முகத்தையும் பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை, எனக்கு 5,600 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

சரி, மூடினால் வெளிச்சத்துக்கு எங்கே போவது? அதுதானே எல்லோருடைய பயமும். எஃப் 1.8-லிருந்து 5.6-க்குப் போனால் மூன்று ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேல் வெளிச்சம் குறையும், ஐஎஸ்ஓ 1600 இருந்த இடத்தில் 16000 கேட்கும். அந்த எண்ணைப் பார்த்தாலே பயம் வரும். ஆனால் அன்றைக்கு நான் ஷட்டரை 1/125-ல் வைத்திருக்கவே தேவையில்லை. படத்துக்காக அசையாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு 1/60 தாராளம், அதிலேயே ஐஎஸ்ஓ 8000-க்கு இறங்கிவிடும். டிரைபாடில் வைத்து, "அசையாம இருங்க" என்று சொல்லி 1/15-ல் நாலைந்து படம் எடுத்தால் ஐஎஸ்ஓ 2000 போதும், ஐந்தில் ஒன்றிலாவது யாரும் அசைந்திருக்க மாட்டார்கள். என் தப்பு என்னவென்றால் ஐஎஸ்ஓ ஏறினால் புள்ளி புள்ளியாக வரும் என்று அதற்குப் பயந்து ஆழத்தைப் பறிகொடுத்தேன். புள்ளியை மென்பொருளில் பெருமளவு குறைத்துவிடலாம், பிரிண்டில் அது திரையில் தெரிவதைவிடக் குறைவாகத்தான் தெரியும். ஃபோகஸ் இல்லாத முகத்தை எந்த மென்பொருளாலும் உள்ளபடி மீட்க முடியாது. அதே பயத்தில் சிலர் ஐஎஸ்ஓவைக் குறைத்து இருட்டாக எடுத்துப் பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். அப்படிச் செய்தால் பல கேமராக்களில் நிழல் பகுதியில் புள்ளி இன்னும் மோசமாக வரலாம். எடுக்கும்போதே சரியான வெளிச்சத்தில், ரா வடிவத்தில் (கேமரா சுருக்கித் திருத்தாத மூலக் கோப்பு) எடுத்துவிடுவது நல்லது.

அந்த ஃப்ளாஷ் கதையையும் சொல்லிவிடுகிறேன். நேராக அடித்துப் பார்த்தேன், எனக்கு முன்னால் இருந்த பாவு வெள்ளை வெளேரென்று எரிந்தது, பெரியப்பா இருட்டில் இருந்தார். வெளிச்சம் இரண்டு மடங்கு தூரம் போனால் கால் பங்காகிவிடும், 3 அடியில் நூல், 13 அடியில் முகம் என்றால் வேறெப்படி வரும். கூரையைப் பார்த்துத் திருப்பி அடித்தேன், மேலே செம்மண் ஓடு, உயரமும் அதிகம். பாதி வெளிச்சத்தை ஓடே குடித்துவிட்டது, திரும்பி வந்த மீதி எல்லோர் முகத்திலும் செங்கல் நிறத்தைப் பூசிவிட்டது. ஓட்டு வீட்டில் கூரையில் பட்டுத் திரும்பும் என்று நம்பாதீர்கள். வெள்ளைச் சுவர் பக்கவாட்டில் இருந்தால் அதில் அடியுங்கள்.

இரண்டு மாசம் கேமராவைத் தொடவே இல்லை. பெரியப்பாதான் ஒருநாள் போன் போட்டார். "பாப்பா, அந்தப் படத்துக்கு ஏன் இப்படி வருத்தப்பட்டுக்கிட்டு இருக்கே? குகையில நம்ம கூட்டாளி வீட்டுல தறி ஓடுது. அதுல நான் உக்காந்தா ஆகாதா?" என்றார். குகை சேலத்திலேயே இன்னொரு பகுதி. முழங்கால் வலியோடு இன்னொருவர் குழியில் இறங்குகிறேன் என்கிறார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த முறை முந்தின நாளே போனேன். கேமராவைவிட முக்கியமாக ஒரு இன்ச் டேப் எடுத்துப் போனேன். நெசவுக்காரர் தறியில் உட்கார்ந்திருக்கும்போது எதிரிலிருந்து பார்த்தால் கை முன்னால், முகம் அதற்கு ஒன்றரை அடி பின்னால். ஆனால் பக்கவாட்டில் போய் நின்றால் கையும் முகமும் என்னிடமிருந்து ஏறக்குறைய ஒரே தூரம். இதைக் கண்டுபிடித்த அந்த நிமிஷத்தை என்னால் மறக்க முடியாது. ஆழம் வேண்டும் என்று அப்பர்ச்சரை மூடுகிறோம், ஐஎஸ்ஓவை ஏற்றுகிறோம், இவ்வளவும் செய்வதற்கு முன்னால் நாம் நான்கு அடி நகர்ந்து நின்றாலே தேவைப்படும் ஆழம் பாதியாகிவிடுகிறது, அதற்கு ஒரு பைசா செலவில்லை. குழுப் படத்துக்கும் இதே கதைதான். ஆட்களை வரிசைக்குப் பின் வரிசையாக அடுக்காமல் முடிந்தவரை ஒரே கோட்டில் உட்கார வையுங்கள், பின்னால் நிற்பவர்களை முன்வரிசையோடு ஒட்டி நிற்கச் சொல்லுங்கள், தோளில் கை போட்டுக் கொஞ்சம் முன்னால் குனியச் சொன்னால் அரை அடி மிச்சமாகும். வரிசை மூன்று இருந்தால் நடுவரிசையில் ஃபோகஸ் வையுங்கள். தானாக ஃபோகஸ் எடுக்க விட்டால் கேமரா பெரும்பாலும் கிட்டத்தில் இருக்கிற பொருளைத்தான் பிடிக்கும். என் அச்சுப் பலகை அப்படிச் சிக்கியதுதான். ஒற்றைப் புள்ளியை நீங்களே எடுத்து முகத்தின் மேல் வையுங்கள்.

அப்புறம் வெளிச்சம். அந்த வீட்டு ஓட்டிலும் ஒரு கண்ணாடி ஓடு, அதுவும் மங்கல். கூட்டாளியின் மகன் மேலே ஏறி ஈரத் துணியால் துடைத்தான். துடைப்பதற்கு முன் 1/50 காட்டிய இடத்தில் துடைத்த பின் 1/100 காட்டியது. முழுதாக ஒரு ஸ்டாப், ஒரு வாளித் தண்ணீரில். வாசல் கிழக்குப் பார்த்தது, காலை எட்டரையிலிருந்து பத்து வரை தரையில் வெளிச்சம் பட்டு உள்ளே எகிறும் என்று வீட்டுக்காரர் சொன்னார், அந்த நேரத்தையே வைத்துக்கொண்டோம். போன முறை நான் பதினொரு மணிக்கு மேல் ஆரம்பித்தேன், அப்போது வெளிச்சம் வாசல்படியோடு நின்றுவிட்டிருந்தது. இருட்டுப் பக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டியை இரண்டு ஆணியில் கட்டினோம், வாசல் வெளிச்சம் அதில் பட்டுப் பெரியப்பாவின் மறுபக்கக் கன்னத்தில் மெல்லமாக விழுந்தது. வேட்டி இல்லையென்றால் தெர்மாகோல் பலகை போதும். டியூப்லைட்டை அணைத்துவிட்டேன், வாசலின் பகல் வெளிச்சமும் டியூப்பின் பச்சை வெளிச்சமும் கலந்தால் ஒரு கன்னம் ஒரு நிறம், இன்னொரு கன்னம் இன்னொரு நிறம். டியூப்லைட்டிலேயே எடுத்தாக வேண்டிய இடங்களில் ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல் வையுங்கள். நம்மூர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு நூறு தடவை கூடிக் குறைகிறது, அதைவிட வேகமாக எடுத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரும். என் 340-ல் பாதி அப்படித்தான் இருந்தது, அப்போது காரணம் புரியவில்லை.

எடுத்தது பழைய 18-55 லென்ஸில். 35 மி.மீ, எட்டு அடி தூரம், எஃப் 5.6, 1/50, ஐஎஸ்ஓ 1600. தெளிவு மூன்றரை அடிக்குக் கிடைத்தது. அந்த அறையிலேயே வெளிச்சத்தைச் சேர்த்த பிறகு, 8,500 ரூபாய் லென்ஸைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அந்த லென்ஸ் கெட்டது என்று சொல்லவில்லை. ஒரு குழந்தை முகம், ஒரு கை, ஒரு நாடா (குறுக்கு நூலைக் கொண்டு பாயும் கட்டை) என்று தனியாக எடுக்க அதைப்போல ஒன்று கிடையாது. வீடு நிறைய ஆட்களை ஒரே படத்தில் பிடிப்பதற்கு அதை முழுசாகத் திறந்து வைத்ததுதான் பிசகு. அகலக் கோண லென்ஸ் வைத்தால் ஆழம் தானாகக் கூடிவிடும் என்று சொல்வார்கள், அது பாதிதான் உண்மை. நின்ற இடத்திலேயே நின்றால் கூடும். ஆட்கள் சின்னதாகத் தெரிகிறார்களே என்று நெருங்கிப் போய்ப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தால் ஆழமும் ஏறக்குறைய பழைய அளவுக்கே வந்துவிடும்.

1/50-ல் ஓடுகிற தறியை எடுக்க முடியுமா என்று கேட்கலாம். பெரியப்பா ஒரு கையால் கயிற்றை இழுப்பார், நாடா பாயும், மறு கையால் பலகையை அடிப்பார். அடித்து முடித்ததும் கண் இமைக்கும் நேரம் கை நிற்கும். பத்து நிமிஷம் கேமரா இல்லாமல் அந்தத் தாளத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தேன், அப்புறம் அடி விழும் சத்தத்தோடு சேர்த்து அழுத்தினேன். முகமும் கையும் நின்றன, நாடா மட்டும் ஒரு கோடாகக் கலங்கியது, அது இருக்கட்டும். பத்துப் படத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, திரையில் பெரிதாக்கி, கண், கை, நூல் மூன்றையும் பார்த்தேன். பார்த்துப் பார்த்து எடுத்ததில் அன்றைக்கு மொத்தம் 62 படம்தான்.

20-க்கு 30-ல் ஒரே ஒரு பிரிண்ட் போட்டு எடுத்துப் போனேன். பெரியப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு சுவரில் மாட்டும் முன்பே அதைத் தரையில் விரித்து வைத்துப் பார்த்தார். தன் முகத்தைப் பார்க்கவே இல்லை. விரலால் பாவின் மேலே ஓரமாக நகர்த்திக்கொண்டே போனவர் ஒரு இடத்தில் நிறுத்தினார். "இங்க பாரு பாப்பா, ஒரு இழை அறுந்து தொங்குது. முடிச்சுப் போடாம விட்டிருக்கான்" என்றார். நான் குனிந்து பார்த்தேன், இருந்தது. உடனே போனை எடுத்துக் குகைக்கு அடித்து, "ஏப்பா, அன்னிக்கு வலப்பக்கம் ஒரு இழை அறுந்து கெடந்ததே, கவனிச்சியா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.